என் நோய்க்குக் கஞ்சா: மனுவை யாரிடம் கொடுப்பது?

2023 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இரண்டு மாற்றங்கள் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. மருத்துவக் கஞ்சா பெறத் தகுதியுள்ள நோய்களின் பட்டியலில் ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) சேர்க்கப்பட்டது. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 21 வயது நிரம்பிய எவரும் கஞ்சா வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டமும் அன்றைக்கே அமலானது. நோயாளிக்கென்று ஒரு கதவைத் திறந்த நாளிலேயே சுவரையும் இடித்துவிட்டார்கள்.

மினியாபொலிஸில் வேலை பார்க்கும் தங்கை மகன்தான் இதை வாட்ஸப்பில் அனுப்பினான். “மாமா, உங்க வியாதிக்கு இங்க கவர்மெண்டே கஞ்சாவுக்கு அட்டை குடுக்குது. கும்பகோணத்துல கேட்டா போலீஸ் வேற மாதிரி குடுக்கும்.” கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை. எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. அதற்குப் பிறகு இந்த விஷயத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் எனக்கு ஒரு தீர்மானம் உண்டாயிற்று. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

நான் பத்திர எழுத்தர். கும்பகோணம் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவன். முத்திரைத்தாளில் கையால் எழுதிய காலத்திலிருந்து, 2018-ல் ‘ஸ்டார் 2.0’ மென்பொருள் வந்து எல்லாம் இணையவழி ஆனது வரை பார்த்தாயிற்று. தொழில் தொடங்கிய காலத்திலிருந்தே ஓசிடியும் கூடவே இருக்கிறது. அது நோய் என்று எனக்கே தெரிய வெகுகாலம் பிடித்தது. திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் எழுத்தரைத்தானே கட்சிக்காரர்கள் தேடி வருவார்கள்? “அவர்கிட்ட எழுதினா ஒரு புள்ளி பிசகாது” என்று ஊரில் பெயர்.

அந்தப் பெயருக்குப் பின்னால் நடப்பது இதுதான். கிரயப் பத்திரத்தில் சொத்து விவரம் எழுதும் இடம் வரும். புல எண் 118/2A என்று தட்டச்சு செய்வேன். மூலப்பத்திரத்தோடு ஒத்துப் பார்ப்பேன், பட்டாவோடு ஒத்துப் பார்ப்பேன். சரியாக இருக்கும். தாளைக் கட்சிக்காரர் கையில் கொடுக்கிற நேரத்தில், ‘அது 2B ஆக இருந்தால்?’ என்று உள்ளே ஒன்று கேட்கும். திரும்ப வாங்கிப் பார்ப்பேன். 2A தான். ஆனால் பார்க்கும்போது மனசு வேறெங்கோ இருந்ததே, நிஜமாகப் பார்த்தேனா? மறுபடி வாங்குவேன். வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வாய்க்கால் என்று நான்கு எல்லையையும் விரல் வைத்துப் படிப்பேன். நடுவில் யாராவது பேசிவிட்டால் முதலிலிருந்து. பதிவு முடிந்து, கைரேகை வைத்து, எல்லோரும் போன பிறகு, இரவு சாப்பாட்டை விட்டு எழுந்து வந்து கடையைத் திறந்து நகலை எடுத்துப் பார்த்த நாள்கள் உண்டு. தப்பாகவே போயிருந்தாலும் பிழைதிருத்தல் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. அது எனக்குத் தெரியாததா? தெரிந்ததெல்லாம் இந்த நோயிடம் செல்லாது.

இது வெளியில் சொல்லக்கூடிய பகுதி. சொல்லக் கூசும் பகுதியும் இருக்கிறது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால், கைப்பிடிச் சுவருக்கு அப்பால் போட்டுவிடுவேனோ என்று ஓர் எண்ணம் வரும். அப்படிச் செய்யும் ஆசை இம்மியும் கிடையாது. இல்லாததால்தான் அந்த எண்ணம் வந்ததும் குலை நடுங்குகிறது. குழந்தையை இறக்கிவிட்டுக் கீழே ஓடிவந்துவிடுவேன். ஓசிடி உள்ளவர்களில் பலருக்கு இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். சந்நிதியில் நின்றால் ஆபாசமான சொல் மனதில் எழும். கத்தியைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரைக் குத்திவிடுவோமோ என்று தோன்றும். மனநல மருத்துவர்களுக்கு இதெல்லாம் தினம் கேட்கிற கதை. நாம்தான் சொல்வதில்லை. மேசையில் பேனாவை நேராக அடுக்கிவைத்துவிட்டு, “எனக்குக் கொஞ்சம் ஓசிடி” என்று சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்கூட வருவதில்லை, பொறாமைதான் வருகிறது.

பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறுவதில்லை என்றும், நோய்க்கு நோய் மாறுபடும் அந்தச் சிகிச்சை இடைவெளி 70 முதல் 92 சதவீதம் வரை என்றும் அதே ஆய்வு சொன்னது. ஒரு தாலுகாவின் ஜனத்தொகையை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சிகிச்சை இல்லாத நோயும் அல்ல இது. ஃப்ளூவாக்சடின், ஃப்ளூவாக்சமின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் உண்டு. மனச்சோர்வுக்குத் தருவதைவிட ஓசிடிக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அவை கேட்காவிட்டால் குளோமிப்ரமின் என்ற பழைய மாத்திரை. அதைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், வாய் வறண்டு, வயிறு கட்டி, பகலெல்லாம் தூக்கம் சொக்கும். மாத்திரையால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஓரளவு பலன் கிடைக்கிறது. மீதிப் பேர் கதி?

மாத்திரைக்கு நிகரான இன்னொரு சிகிச்சை உண்டு. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் செய்து பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்தது அது. பயப்படுவதை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும், பயத்தைத் தணிக்க வழக்கமாகச் செய்வதைச் செய்யக் கூடாது. கேட்க ஒரு வரிதான். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த உளவியலாளர் ஓர் இளம்பெண். பத்திரத்தை ஒரே ஒருமுறை படித்துவிட்டு, கட்சிக்காரர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். பதற்றம் நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். 90 என்று எழுதுவேன். கை தானாக நகலை நோக்கிப் போகும். “இருக்கட்டும் சார். தப்பா இருக்கலாம், சரியாவும் இருக்கலாம். தெரியாமலே இருங்க” என்பார். 90, 85, மறுபடி 90, பிறகு 60. முக்கால் மணி நேரம் போனால் 30. எதையும் சரிபார்க்காமலேயே பதற்றம் தானாக இறங்கிவிடும் என்பதை உடம்பு அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. சில மாதங்களில் இரவில் கடையைத் திறப்பது நின்றது. பிறகு அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

மினசோட்டாவுக்கு வருவோம். அங்கே 2014-ல் மருத்துவக் கஞ்சாவுக்குச் சட்டம் இயற்றினார்கள். 2015 ஜூலையில் விநியோகம் தொடங்கியது. தொடக்கத்தில் புகைக்கும் கஞ்சாவுக்கு இடமே இல்லை. மாத்திரை, எண்ணெய் வடிவில் மட்டும். உலர்ந்த பூவை அனுமதித்தது 2022 மார்ச்சில்தான். என்னை ஈர்த்தது அவர்கள் வைத்திருந்த நடைமுறை. எந்த நோயைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் எந்தக் குடிமகனும் மனு கொடுக்கலாம் என்று இருந்தது. அந்த நோய்க்குக் கஞ்சா உதவுமா என்று வெளியான ஆய்வுகளைத் தொகுத்து, சுகாதாரத் துறை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும். மக்கள் கருத்துச் சொல்லலாம். டிசம்பர் தொடக்கத்துக்குள் சுகாதார ஆணையர் முடிவை அறிவிக்க வேண்டியிருந்தது. 2021-ல் பதற்ற நோய்க்காகக் கொடுத்த மனுவை, ஆதாரம் போதாது என்று தள்ளினார்கள். 2022-ல் ஓசிடியையும் எரிச்சல் குடல் நோயையும் ஏற்றுக்கொண்டார்கள். ஓபியம் வகை மருந்துகளுக்கு அடிமையானவர்களுக்காக வந்த மனுவை ஏற்கவில்லை. அப்போதைய ஆணையர் ஜேன் மால்கம் சொன்ன காரணம், ஆளை முடக்கிப்போடும் நோய்களுக்குக் கூடுதலாக ஒரு சிகிச்சை வாய்ப்பு இருக்கட்டும் என்பது.

இரக்கமுள்ள முடிவு. ஆனால் அதற்கு ஆதாரம் என்ன?

கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2020-ல் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். ஓசிடி உள்ள 14 பேரைச் சேர்த்தார்கள், 12 பேர் முடித்தார்கள். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில் மூன்று வகை: போதை தரும் டிஎச்சி மிகுந்த கஞ்சா, போதை தராத சிபிடி மிகுந்த கஞ்சா, இரண்டும் நீக்கிய வெற்றுக் கஞ்சா. எது எது என்று புகைப்பவருக்குத் தெரியாது. மூன்றிலுமே நேரம் போகப் போக ஓசிடி தொல்லை குறைந்தது. மூன்றுக்கும் இடையே வித்தியாசம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், புகைத்த உடனே பதற்றம் அதிகமாகத் தணிந்தது வெற்றுக் கஞ்சாவுக்குத்தான்.

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2021-ல் வெளியிட்டது வேறு வகை. மருத்துவக் கஞ்சா பயன்படுத்துவோர் கைப்பேசிச் செயலியில் தாங்களே பதிந்த விவரங்கள். தமக்கு ஓசிடி என்று சொன்ன 87 பேர், 1,810 தடவை. கஞ்சாவுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால், செய்தே தீர வேண்டும் என்ற உந்துதல் 60 சதவீதமும், வேண்டாத எண்ணங்கள் 49 சதவீதமும் குறைந்ததாக அவர்கள் பதிந்திருந்தார்கள். இந்த எண்களைத்தான் கஞ்சா ஆதரவாளர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். அதே ஆய்வில் அடுத்து வரும் முடிவுகளை ஏனோ விட்டுவிடுகிறார்கள். நாளாக ஆக, எண்ணங்களைத் தணிக்கும் பலன் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறை புகைப்பதற்கு முன்பும் இருந்த நோயின் கடுமையோ, மாதங்கள் கடந்தும் ஏறத்தாழ அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது எனக்கு நன்றாகத் தெரிந்த வடிவம். நகலை எடுத்துப் பார்த்ததும் எனக்கும்தான் 60 சதவீதம் குறையும். அந்த நிமிஷத்தில் அதைவிட அதிகமாகவே குறையும். மறுநாள் காலை பதற்றம் பழைய இடத்தில் நிற்கும். ஓசிடி இந்த உடனடி நிம்மதியைத் தின்றுதான் வளர்கிறது. கெட்ட எண்ணம் வரும்போதெல்லாம் ஒரு இழுப்பு என்று பழகினால், கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது ஆகியவற்றின் வரிசையில் கஞ்சாவும் ஒரு சடங்காகிவிடும். இது என் ஊகம் மட்டுமே என்று ஒதுக்க வேண்டாம், பயத்திலிருந்து தப்பிக்க உதவும் எதுவும் பயத்தை நீடிக்கச் செய்யும் என்பது அந்த இளம்பெண் எனக்குச் சொன்ன முதல் பாடம்.

நேரில் பார்த்ததும் உண்டு. என் கட்சிக்காரர் குடும்பம் ஒன்று. மகனுக்கு இருபத்திரண்டு வயது. குளியலறைக்குள் போனால் குழாயை மூட முடியாது. மேல்தொட்டி காலியாகும்வரை கழுவுவான். விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். சிநேகிதர்கள் யாரோ கஞ்சா பழக்கிவிட்டார்கள். அவன் அம்மா என்னிடம் மெல்லிய குரலில் சொன்னார்: “அண்ணே, அதை இழுத்தாத்தாண்ணே அவன் குழாயை மூடுறான். நான் என்ன பண்ணட்டும், கண்டும் காணாம இருக்கேன்.” அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சில மாதத்தில் இழுத்தாலும் குழாய் மூடவில்லை. அளவு கூடியது. தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தான். பிறகு ஒருநாள் சிறு பொட்டலத்தோடு பிடிபட்டான். கை கழுவாமல் ஒரு டம்ளரைத் தொட முடியாத பையன், பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை உள்ள சிறையில் எப்படி இருந்திருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். ஜாமீனில் வந்த பிறகுதான் அவனுக்கு ஓசிடி என்று முதன்முதலில் ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டை எந்தக் கோப்பில் வைப்பது என்று கேட்கத்தான் அவன் அப்பா என்னிடம் வந்தார்.

ஜன்னலைச் சாத்திய கதை தற்செயல் அல்ல. டிஎச்சி மிகுந்த கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய்கள் வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று ஐரோப்பிய நகரங்களிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வு ஒன்று 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. இளவயதுக்காரர்களுக்கு இது விளையாட்டுப் பொருள் இல்லை.

அப்படியானால் கதவைச் சாத்திவிட்டுப் போகலாமா? கூடாது என்பதுதான் என் தீர்மானம். ஏனென்றால் 12 பேரை வைத்து நடந்த ஆய்வு கஞ்சா உதவாது என்பதையும் நிரூபிக்கவில்லை. அதே கொலம்பியா குழு இன்னொரு சிறு முயற்சியும் செய்தது. டிஎச்சி போலச் செயல்படும் நாபிலோன் என்ற மாத்திரையை, நான் மேலே சொன்ன எதிர்கொள்ளும் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு நல்ல முன்னேற்றம். மொத்தமே 11 பேர்தான், பயிற்சி மட்டும் பெற்றவர்கள் என்று தனிக் குழுவும் இல்லை. இதை வைத்து யாரும் மருந்துச் சீட்டு எழுத முடியாது. ஆனால் மூளையில் கஞ்சாவின் வேதிப்பொருள்கள் போய் ஒட்டும் இடங்கள், பயத்தை மறக்கக் கற்றுக்கொள்வதோடு தொடர்புடையவை என்பது விலங்குகளிடம் பலமுறை பார்த்தது. பயிற்சிக்குத் துணையாக, அளந்து, கொஞ்ச காலம் கொடுத்தால் பயன்படுமா என்பது நியாயமான கேள்வி. இதற்கு 11 பேரிடம் பதில் கிடைக்காது, சில நூறு பேர் வேண்டும்.

அந்தச் சில நூறு பேர் ஏன் இதுவரை சேரவில்லை? சட்டம் விடவில்லை. அமெரிக்காவில் 1968-இல் தொடங்கி அரை நூற்றாண்டு காலம், ஆராய்ச்சிக்கான கஞ்சா மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ஒரே தோட்டத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது. ஆய்வு செய்யக் கெடுபிடி, பிறகு ஆய்வு இல்லை என்று காரணம் காட்டி மறுப்பு. சுற்றிச் சுற்றி வரும் இந்தத் தர்க்கம் எனக்குப் பழக்கமானதுதான், என் நோயும் இப்படித்தான் பேசும்.

எல்லை விவரம் படித்துப் பழகிய கண்ணோடு நம் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தையும் படித்தேன். கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள் என்கிறது 2-வது பிரிவு. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்காது. கஞ்சா இலையில் செய்யும் பாங்கை விற்கும் கடை வடக்கே அரசு அனுமதியோடு நடப்பது இந்த விலக்கினால்தான். 8-வது பிரிவு எல்லாவற்றையும் தடை செய்துவிட்டு, மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு விதிகளின்படி விலக்குத் தருகிறது. 10-வது பிரிவு கஞ்சாச் செடி வளர்ப்பையும் பயன்பாட்டையும் அனுமதித்து ஒழுங்குபடுத்த மாநில அரசுக்கே அதிகாரம் கொடுக்கிறது. ஆக, சட்டத்தில் வழி இருக்கிறது. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில், மிகக் கொடிய பொருள்களுக்கான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க 27 நாடுகள் ஆதரித்தும் 25 நாடுகள் எதிர்த்தும் வாக்களித்தன. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் உரிமம் பெற்றுச் செடியை வளர்த்து ஆராய்கிறது. நம் சித்த மருத்துவத்துக்கும் இது புதிதல்ல. மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் உண்ண வேண்டிய நச்சுச் சரக்குகள் என்று மருந்துச் சட்ட விதிகள் வைத்திருக்கும் பட்டியலில், சித்தப் பிரிவின் கீழ் கஞ்சாவும் இருக்கிறது.

வழி இருந்தும் நோயாளிக்குக் கிடைப்பது இரண்டே இரண்டு. ஒன்று, அந்தப் பையனுக்குக் கிடைத்தது. இன்னொன்று, கைப்பேசியில் வருகிறது. ‘விஜயா’ என்ற பெயரில் கஞ்சா இலைச் சாறு எண்ணெய், பதற்றத்துக்கு, தூக்கத்துக்கு என்று விளம்பரம். என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று ஒரு நிறுவனத்தின் படிவத்தை நிரப்பினேன். சற்று நேரத்தில் மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அழைத்தார். தூக்கம் வருகிறதா, பதற்றம் உண்டா, பசி எப்படி. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பேச்சு முடிந்தது. நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்கவே இல்லை. சிபிடி கல்லீரல் நொதிகளைத் தடுத்து, சில மனநல மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பது மருந்தியல் படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். நானாகவே சொன்னேன். “ஒண்ணும் ஆகாது சார், இது ஹெர்பல்” என்றார். சீட்டு வந்தது, விலையும் வந்தது. வாங்கவில்லை. மினசோட்டாவில் கஞ்சா கொடுக்கும் இடத்தில் மருந்தாளுநர் உட்கார்ந்து பேச வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். அடுத்த முறை வாங்குவதற்கு முன் நோய் எப்படி இருக்கிறது என்று நோயாளி படிவம் நிரப்ப வேண்டும். யாருக்கு என்ன ஆனது என்பதற்கு ஒரு பதிவேடு இருந்தது. இங்கே ஒரு வாய்மொழி, “ஹெர்பல்”.

கஞ்சாவிலிருந்து முறையான மருந்து வரவே வராது என்றும் இல்லை. சிபிடியைப் பிரித்தெடுத்துச் செய்த எபிடியோலெக்ஸ், குழந்தைகளுக்கு வரும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு என்று 2018-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வெற்று மருந்தோடு ஒப்பிட்டு, எண்ணிப் பார்த்து, பக்கவிளைவுகளை எழுதி வைத்து வந்த மருந்து அது. வலிப்புக்கு நடந்தது ஓசிடிக்கும் நடக்கட்டும். தேறினால் தேறட்டும், தேறாவிட்டால் அதையும் எங்களுக்குச் சொல்லட்டும்.

சட்டத்தின் பயம் நோயாளியை எப்படி வதைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. இதே 1985 சட்டத்துக்குப் பிறகு, புற்றுநோய் வலிக்குத் தரும் மார்ஃபின் பயன்பாடு அடியோடு சரிந்தது. சட்டம் மார்ஃபினை மருத்துவத்துக்குத் தடை செய்யவே இல்லை. ஆனால் ஒரு மருத்துவமனைக்குப் பல உரிமங்கள், பல அலுவலகங்கள், ஒன்றின் தேதி முடிவதற்குள் இன்னொன்று காலாவதி. கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிமையாக்கினார்கள். அதற்குள் எத்தனை பேர் வலியில் துடித்துச் செத்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

ஆகவே நான் கஞ்சாக் கடை கேட்கவில்லை. ஓசிடியைத் தகுதி நோய் என்று ஓர் அரசாணையில் எழுதிவிட்டால் போதும் என்றும் சொல்லவில்லை. மினசோட்டாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மனு நடைமுறையும் அந்தப் பதிவேடும். ஒரு நோயாளி, “எனக்கு மாத்திரைகள் கேட்கவில்லை, இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா?” என்று எழுதிக் கொடுக்கத் தமிழ்நாட்டில் ஓர் இடம் வேண்டும். மனுவுக்கு ஆதாரத்தோடு எழுத்தில் பதில் வர வேண்டும், மறுப்பாக இருந்தாலும் சரி. 10-வது பிரிவு தரும் அதிகாரத்தை வைத்து, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் போன்ற அரசு நிறுவனம் ஒன்றில், மற்ற சிகிச்சை கேட்காத ஓசிடி நோயாளிகளுக்கு, அளவு தெரிந்த சிபிடி மருந்தை எதிர்கொள்ளும் பயிற்சியோடு சேர்த்து ஓர் ஒழுங்கான ஆய்வு நடத்தலாம். பயிற்சி மட்டும் பெறும் குழுவும் அதில் இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆய்வு வந்தால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட நான் தயார். எனக்கு வெற்று மருந்துதான் கிடைத்தாலும் சம்மதம்.

அந்த ஆய்வு வரும்வரை, இல்லை வந்த பிறகும், இணையத்தில் பெயரளவுக்கு மருத்துவர் பேசி விற்கும் எண்ணெய்களுக்குக் கடிவாளம் வேண்டும். சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவோடு பிடிபடுகிறவர்களை, முதலில் ஒரு மனநல மருத்துவர் பார்க்கட்டும். தானாகச் சிகிச்சைக்கு முன்வரும் போதை அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்குத் தரும் 64-A பிரிவு அதே சட்டத்தில்தான் இருக்கிறது. எத்தனை காவல் நிலையங்களில் அதை எடுத்துச் சொல்கிறார்கள்?

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டாம். ஓசிடிக்கு ஏற்கெனவே நிரூபணமான அந்தப் பயிற்சியைத் தரத் தெரிந்த உளவியலாளர் ஒருவர், ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசு செலவில் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது. அந்த உரிமைக்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு நாற்காலியும் ஒரு ஆளும் வேண்டும் என்பதுதான் என் முதல் மனு. கஞ்சா பற்றியது இரண்டாவது.

இதைப் படிப்பவர்களில் எண்ணத்தோடும் குழாயோடும் பூட்டோடும் போராடுகிறவர்கள் இருப்பீர்கள். கஞ்சா பற்றிய செய்தியை நம்பி, சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சொல்லக் கூசும் எண்ணம் எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் இதற்கு முன் கேட்டிருப்பார். எங்கே போவது என்று தெரியாவிட்டால், அரசின் டெலி மனாஸ் எண் 14416. கட்டணம் இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.